வலிக்குப் பயந்து அடக்குகிறேன்...

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன், வயது 29. காலை 9 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 9 ஆகிவிடும். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறேன். அப்போது உயிர் போகிற வலி, போன வாரம் கொஞ்சம் ரத்தமும் பட்டது. மூலமா டாக்டர்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: கீறிவிட்ட மாதிரி வலித்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் மட்டும் வரும். ஆனால் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் அடக்குவதுதான் முதல் பிரச்சினை. மலம் உள்ளே தங்கத் தங்க அதில் இருக்கும் தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கெட்டியாகி வெளியே வரும்போது கிழிக்கும், அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவீர்கள், அது இன்னும் இறுகும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் கொண்டுவந்தாகிவிட்டது, கழிப்பறைக்குப் போக மட்டும் இன்னும் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, உங்கள் கையில் இருப்பது காலை நேரம். அரைமணி முன்னதாக எழுந்து தண்ணீர் குடித்து, டிபனையும் சாப்பிட்டுவிடுங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். செல்போனை வெளியே வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள், முக்க வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முட்டியை உயர்த்திக்கொண்டால் சுலபமாக இருக்கும்.

மதிய டப்பாவில் வெறும் புளிசாதமும் அப்பளமும் போதாது. கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ இருக்கட்டும், சாயங்காலம் சுண்டல் அல்லது ஒரு கொய்யா. நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், கூடவே தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பி இன்னும் சிக்கிக்கொள்ளும். வெளிக்குப் போய் வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தால் வலி தணியும்.

அப்புறம், ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.