கப்பலே சாலை: ஸ்காட்லாந்துத் தீவுகள் குறித்த கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள சிறு தீவுகளை யார் நிர்வகிக்கிறார்கள், கப்பல் வராத நாளில் அங்குள்ளவர்கள் யாரிடம் முறையிடுவார்கள் என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். அந்தத் தீவுகளின் கப்பல் விவகாரத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: எக் போல நூறு பேர் மட்டுமே வாழும் ஒரு தீவுக்குத் தனியாக ஊராட்சி உண்டா, ஐயா?

நம் ஊராட்சியைப் போன்ற ஒன்று இல்லை. எக், ரம், மக், கன்னா ஆகிய நான்கும் சேர்ந்து ஸ்மால் ஐல்ஸ் எனப்படும். இந்த நான்கும் ஹைலேண்ட் கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்துக்கு உட்பட்டவை. அந்தக் கவுன்சிலின் பரப்பு வேல்ஸ் நாட்டின் பரப்பைவிடப் பெரியது. தலைமையிடம் இன்வெர்னஸ் நகரம். எக் தீவிலிருந்து ஒருவர் அங்கே போக வேண்டுமானால் முதலில் கப்பலேறி மாலெய்க் துறைமுகத்தை அடைந்து, அதன் பிறகு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சாலையில் பயணம் செய்ய வேண்டும். தீவுகள் அடங்கிய வார்டில் மூன்று உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் நிலப்பகுதியில் வாழ்பவர்கள் என்பதால், தீவின் வாக்கு மட்டும் ஓர் உறுப்பினரை வெல்ல வைக்கவோ தோற்கடிக்கவோ போதாது.

இதற்குக் கீழே சமூக கவுன்சில் என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் வழியாக வந்தது அது. கட்டட அனுமதி விண்ணப்பங்களில் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். மற்றபடி ஊர் மக்களின் எண்ணத்தை மேலிடத்துக்குக் கொண்டு செல்வதே அதன் வேலை. வரி விதிக்கும் உரிமை அதற்கு இல்லை. ஒரு படகுத்துறையைச் செப்பனிடும் அளவுக்குப் பணமும் கிடையாது. உறுப்பினர்கள் ஊதியமின்றி, ஆடு மேய்ப்பதற்கும் தபால் கொடுப்பதற்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் கூட்டம் நடத்திக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களுக்கு வலுவான பதில் வருவது அரிது என்பதுதான் என் மனக்குறை.

கேள்வி: கப்பல் தாமதமானால் கவுன்சிலைத்தானே கேட்க வேண்டும்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மேற்குக் கடலில் பெரும்பாலான வழித்தடங்களில் கப்பலை ஓட்டுவது கால்மாக் என்ற நிறுவனம். அதன் தலைமையகம் கூராக் நகரில் உள்ளது. ஆனால் கப்பல்கள் கால்மாக்கின் சொத்து அல்ல. 2006-இல் நிறுவனத்தை இரண்டாகப் பிரித்தபோது, கப்பல்களும் பல துறைமுகங்களும் சீமால் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னோர் அரசு நிறுவனத்திடம் போயின. எந்தத் தடத்தில் எத்தனை முறை ஓட்ட வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் என்பதை ஒப்பந்தமாக முடிவு செய்வது ஸ்காட்லாந்து அரசின் போக்குவரத்து முகமையான டிரான்ஸ்போர்ட் ஸ்காட்லாந்து. மூன்றுமே அரசுடையவை, மூன்றின் அலுவலகங்களும் கிளைட் ஆற்றையொட்டிய பகுதியில்தான் இருக்கின்றன. புதிய கப்பல் ஏன் இல்லை என்று ஓட்டுநரைக் கேட்டால் உரிமையாளரைக் காட்டுவார். உரிமையாளரைக் கேட்டால் பணம் தருபவரைக் காட்டுவார். யாரும் பொய் சொல்வதில்லை. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. நோயாளியை ஊசிக்கு ஒரு கட்டடம், மருந்துக்கு ஒரு கட்டடம், சீட்டுக்கு ஒரு கட்டடம் என்று அலைய வைக்கும் மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வடக்கே ஓர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களில் நிலைமை வேறு. 1975 முதல் அவற்றுக்குத் தனித் தீவுக் கவுன்சில்கள் உண்டு. தீவுகளுக்கிடையே ஓடும் சிறு கப்பல்களை அந்தக் கவுன்சில்களே நடத்துகின்றன. அங்கே பணத்துக்காக எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து அரசிடம் ஆண்டுதோறும் வாதாட வேண்டியிருக்கிறது என்றாலும், கால அட்டவணையைப் பற்றிக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளுக்கும் அதே காலத்திலிருந்து சொந்தக் கவுன்சில் உண்டு. ஆனால் நிலப்பகுதிக்குப் போகும் கப்பல் அதன் கையில் இல்லை.

கேள்வி: ஒரு நாள் கப்பல் வராவிட்டால் அப்படி என்ன பெரிய இழப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்டவரைக் குறை சொல்லமாட்டேன். நகரத்தில் பேருந்து வராவிட்டால் அடுத்த பேருந்து வரும். ஸ்மால் ஐல்ஸுக்கு மாலெய்க்கிலிருந்து வருவது லாக்னெவிஸ் என்ற ஒரே கப்பல். அது 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது, எல்லாத் தீவுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை விட்டுப்போனால் புதன்கிழமை ஈடுசெய்யலாம் என்ற நிலை இல்லை. கடைக்கு வரும் காய்கறி, பால், தபால், மாட்டுத் தீவனம், சமையல் எரிவாயு உருளை எல்லாம் அதே கப்பலில்தான் வர வேண்டும். விற்பனைச் சந்தைக்கு ஆடுகளை அனுப்புவதற்கு ஆண்டில் சில நாட்களே உண்டு. அந்த நாளில் காற்று எழுந்தால் ஒரு குடியானவரின் ஆண்டு வருமானமே தள்ளாடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிள்ளைகளின் நிலை. தீவில் தொடக்கப் பள்ளிதான் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கு மாலெய்க் போக வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகள் வார நாட்களில் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக் கப்பல் ரத்தானால் அந்தக் குழந்தை அந்த வாரம் அம்மாவைப் பார்க்காது. கடல் கொந்தளிக்கும்போது ஓடாதே என்று முடிவெடுப்பது கப்பல் தலைவரின் உரிமையும் கடமையும் ஆகும். அதை யாரும் எதிர்ப்பதில்லை. இயந்திரம் பழுதாகி, மாற்றுக் கப்பல் இல்லாததால் ரத்தாகும்போதுதான் மக்கள் கொதிக்கிறார்கள்.

கேள்வி: மாற்றுக் கப்பல் ஏன் இல்லை?

கப்பல்கள் கிழடாகிவிட்டன, வாங்க வேண்டிய காலத்தில் புதியவை வாங்கப்படவில்லை. ஐல் ஆஃப் ஆரன் என்ற கப்பல் 1984-இல் சேவைக்கு வந்தது; நாற்பது ஆண்டு கடந்த பிறகும் அதையே நம்பியிருக்க வேண்டிய நிலை. குளிர்காலத்தில் ஒவ்வொரு கப்பலும் முறைவைத்து, நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குப் போகும். ஒன்றின் பழுதுபார்ப்பு நீண்டால், அடுத்தது போக முடியாது. கோடையில் ஒன்று முடங்கினால், வேறு தடத்திலிருந்து ஒன்றை இழுத்து வர வேண்டும். யாருடைய கப்பலை இழுப்பது என்ற கேள்வியில்தான் ஆட்சியும் போக்குவரத்தும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

2023 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு யூயிஸ்ட் தீவின் லாக்பாய்ஸ்டேல் துறைமுகத்துக்கான சேவை அந்த மாதம் ஏறக்குறைய முழுவதும் நிறுத்தப்பட்டது. இன்னொரு கப்பல் பழுதாகியிருந்ததால், இந்தத் தடத்துக் கப்பல் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டது. கோடைதான் அங்கே விடுதிகளும் உணவகங்களும் பிழைக்கும் காலம். ஜூன் 4 அன்று ஏறத்தாழ ஐந்நூறு பேர், இருநூறு வாகனங்களுடன், துறைமுகத்தில் கூடினார்கள். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாத தீவில் இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று எண்ணிப் பாருங்கள். பயணிகள் குறைவாக உள்ள தடத்தை விட்டுக்கொடுப்பது கணக்கின்படி சரி என்று வாதிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே தீவு விட்டுக்கொடுக்கும்போது, அங்கே தொழில் தொடங்க யார் துணிவார்கள்? பயணிகள் மேலும் குறைவார்கள். அந்தக் குறைவே அடுத்த முறை அதைக் கைவிடக் காரணமாகக் காட்டப்படும்.

கேள்வி: இரண்டு புதிய கப்பல்களைக் கட்ட ஆரம்பித்தார்களே, என்னவாயிற்று?

கிளென் சானக்ஸ், கிளென் ரோசா என்ற இரண்டுக்கும் 2015-இல் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்ட் கிளாஸ்கோவிலுள்ள ஃபெர்குசன் கப்பல் கட்டுந்தளம் நொடித்து, 2019-இல் அரசுடைமையானது. 2018-இல் வந்திருக்க வேண்டிய கிளென் சானக்ஸ், 2025 ஜனவரியில்தான் ஆரன் தீவுக்குப் பயணிகளை ஏற்றியது. செலவும் பல மடங்கு ஏறியது. அது வந்த பின்பும், ஆரனின் வழக்கமான துறைமுகமான ஆர்ட்ராசனில் அந்தக் கப்பல் நிற்க இயலவில்லை. ட்ரூன் துறைமுகத்திலிருந்து நீண்ட வழியாகப் போகிறது. கப்பலைத் திட்டமிட்ட கையும் துறைமுகத்தைத் திட்டமிட்ட கையும் ஒன்றாக இல்லாததன் விளைவு இது. அடுத்த நான்கு கப்பல்களுக்கான வேலை துருக்கிக் கட்டுந்தளத்துக்குப் போனது.

கேள்வி: கட்டணத்தைக் குறைத்தது நன்மைதானே?

நன்மை. சாலையில் அதே தூரத்துக்கு வண்டி ஓட்டினால் ஆகும் செலவை அடிப்படையாகக் கொண்ட கட்டண முறை 2008-இல் வெளி ஹெப்ரிடிஸ், கோல், டைரீ தீவுகளில் சோதனையாகத் தொடங்கிப் படிப்படியாக மற்றவற்றுக்கும் விரிந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவதற்கு வயதானவர்கள் காசை எண்ணிக் காத்திருக்க வேண்டிய நிலை தளர்ந்தது. அதே சலுகை சுற்றுலாப் பயணிகளுக்கும் கிடைத்ததால் அவர்களின் பெருவண்டிகள் கோடை முழுவதற்கும் முன்பதிவு செய்துவிடுகின்றன. அவசரமாக மருத்துவரைப் பார்க்கப் போகும் தீவுக்காரரின் காருக்கு இடமில்லை. விலையைக் குறைத்தவர்கள் இடத்தைக் கூட்டவில்லை. உள்ளூர் மக்களுக்கென்று ஒவ்வொரு கப்பலிலும் சில இடங்களைக் கடைசி நாள்வரை வைத்திருப்பது நியாயம் என்பது என் கருத்து.

கேள்வி: பாலமோ சுரங்கமோ கட்டிவிட்டால் தொல்லை தீராதா?

சில இடங்களில் தீர்ந்திருக்கிறது. வாட்டர்சே (1991), பெர்னரே (1999), எரிஸ்கே (2001) தீவுகள் கடல்மேட்டுச் சாலைகளால் பக்கத்துத் தீவுகளோடு இணைந்தன. ஸ்கை பாலம் 1995-இல் திறந்தது, அதன் சுங்கத்தை எதிர்த்து மக்கள் போராடி 2004-இல் நீக்க வைத்தார்கள். ஃபாரோ தீவுகளில் கடலடிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்து ஷெட்லாந்து மக்கள் அதையே கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எக்குக்கு அது பொருந்தாது: நூறு பேருக்கு நடுக்கடலில் சுரங்கம் என்பது நடக்காது.

கேள்வி: எக்குக்கு என் காரைக் கொண்டு போகலாமா?

முடியாது. முன் அனுமதி இல்லாத வெளியார் வண்டிகளை ஸ்மால் ஐல்ஸுக்கு ஏற்றமாட்டார்கள். மாலெய்க்கில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

கேள்வி: எக் மக்கள் தீவையே விலைக்கு வாங்கினார்களே, அதன் பிறகும் ஏன் குறை?

1997 ஜூனில் அவர்கள் ஓர் அறக்கட்டளை வழியாகத் தீவை வாங்கினார்கள். விலை ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. அதுவரை ஒரு நிலவுடைமையாளர் மாறினால் எல்லார் வீட்டுக் குத்தகையும் ஆட்டம் காணும். வாங்கிய பிறகு நீண்டகாலக் குத்தகை கிடைத்தது, இளைஞர்கள் வீடு கட்டினார்கள், அறுபத்தைந்து பேரளவில் இருந்த தொகை நூறைத் தாண்டியது. 2008-இல் நீர், காற்று, சூரியன் ஆகிய மூன்றையும் கொண்டு சொந்த மின்கட்டமைப்பை உருவாக்கினார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற விதியை அவர்களே வகுத்து, அவர்களே கடைப்பிடிக்கிறார்கள். கையில் அதிகாரம் தந்தால் நூறு பேர் எவ்வளவு பொறுப்பாக நடப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அவர்கள் வாங்கியது நிலத்தை. கரைக்கு அப்பாலுள்ள கப்பலில் அவர்களுக்கு இன்றும் உரிமையில்லை.

கேள்வி: தீவுகளுக்கென்று தனிச்சட்டம் வந்ததாகப் படித்தேனே?

2018-இல் வந்தது. ஒரு கொள்கை தீவு மக்களை மற்றவர்களைவிட வேறுவிதமாகப் பாதிக்கும் என்றால் அதை முன்கூட்டியே ஆராய்ந்து எழுத வேண்டும் என்று அது விதிக்கிறது. தீவுகளுக்கு ஓர் உறுப்பினர் வார்டும் அமையலாம் என்றது. அதன்படி 2022 தேர்தலில் ஆரன் தனக்கென்று ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. இது பெரிய முன்னேற்றம். எனினும் முன்கூட்டியே ஆராயும் அந்த மதிப்பீடு கொள்கை எழுதும் மேசைக்குப் பொருந்தும் அளவுக்கு, பழுதான கப்பலுக்குப் பதிலாக எந்தத் தீவின் கப்பலை எடுப்பது என்று அவசரமாக முடிவெடுக்கும் மேசைக்குப் பொருந்துவதில்லை.

கேள்வி: ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள்?

2025 அக்டோபர் முதல் கால்மாக்குக்குப் போட்டி ஏலமின்றி பத்தாண்டு ஒப்பந்தம் நேரடியாகத் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பத்தாண்டுக்குள், கப்பல் ஓட்டும் நிறுவனத்தின் ஆட்சிக்குழுவிலும் கப்பல் உடைய நிறுவனத்தின் ஆட்சிக்குழுவிலும் தீவில் குடியிருப்பவர்கள் வாக்குரிமையோடு அமர வேண்டும். ஆலோசனைக் குழு போதாது. அத்துடன், ஒரு தடத்திலிருந்து கப்பலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எந்தத் தீவு, எத்தனை நாள், கடந்த ஓராண்டில் அதே தீவு எத்தனை முறை இழந்தது என்ற கணக்கைப் பயணிகள் காத்திருக்கும் துறைமுகப் பலகையிலேயே அன்றைக்கே ஒட்ட வேண்டும்.