சௌங் வாசிச்சு வீட்லயே ரெக்கார்ட் பண்றவங்களுக்கு: கேள்வி பதில்

யாங்கூன்லருந்து எழுதுறேன். சௌங் கௌக் பத்தியும் வீட்ல அத ரெக்கார்ட் பண்றத பத்தியும் கேக்கணும்னா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேரு கேட்டுட்டீங்க, ரொம்ப சந்தோஷம். புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வரி: சௌங்ங்கிறது பர்மாக்காரங்களோட வளைஞ்ச யாழ். பிடௌக் மரத்துல படகு கணக்கா குடைஞ்ச பெட்டி, மேல தோல் போர்த்தி சிவப்பா அரக்கு பூசியிருக்கும், ஒரு பக்கம் கழுத்து வளைஞ்சு மேல போயி அரசிலை வடிவத்துல முடியும், தந்தி 16. மடில வச்சு தரையில உக்காந்து வாசிக்கணும். நான் மேடை ஏறுறவ இல்ல, பகல்ல கணக்கு எழுதுற வேலை, ஸயாகிட்ட (குருவ இங்க அப்படித்தான் சொல்வோம்) முறையா கத்துக்கிட்டு வீட்ல வாசிச்சு பதிவு பண்றேன். அந்த அளவுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

பகோ தம்பி: அக்கா, போன்ல ரெக்கார்ட் பண்ணா தந்தி டொக்குன்னு அடிச்சிட்டு உடனே அமுங்கிடுது, நேர்ல கேக்குறப்ப நல்லா நீளமா வருதே, போன் சரியில்லையா இல்ல என் கை சரியில்லையா?

ரெண்டும் நல்லாத்தான் இருக்கும் தம்பி, ஆப்தான் பிரச்சனை. போனோட சொந்த ரெக்கார்டரும் வைபர் வாய்ஸ் மெசேஜும் மனுஷன் பேச்சுக்காக செஞ்சது, பேச்சு போக மீதி எது ஒரே மாதிரி நீண்டு வந்தாலும் அத இரைச்சல்னு நெனச்சு வெட்டிடும், சத்தம் கொறைஞ்சா தானா ஏத்தும் கூடுனா தானா எறக்கும். சௌங் தந்தியோட வாலு இருக்கே, அது மெதுவா தேயிற சத்தம், அதத்தான் அது மொதல்ல காலி பண்ணுது. வேவ் பைல்ல (சத்தத்த அமுக்காம அப்படியே வைக்கிற பைல்) பதிவு பண்ற, தானா சத்தத்த ஏத்தி எறக்குறத நிறுத்த முடியிற ரெக்கார்டர் ஆப் ஒண்ணு எறக்கிக்கோங்க, அதே போன்ல வித்தியாசம் உடனே தெரியும். மைக் வாங்குறத பத்தி அப்புறம் யோசிக்கலாம்.

மோல்மீன் தங்கச்சி: மைக் வாங்கிட்டேன் அக்கா, ஆனா எங்க வைக்கிறதுன்னு தெரியல. கிட்டார் வீடியோவுல ஓட்டைக்கு நேரா வைக்காதன்னு சொல்றாங்க, சௌங்ல தோல்லயே நாலு குட்டி ஓட்டை இருக்கே, அதுக்கும் அப்படித்தானா?

ஆமா, அதுக்கும் அப்படித்தான், ஓட்டைக்கு நேரா வச்சா பொம்முன்னு அடிச்சத்தம் மட்டும் தூக்கலா வரும். தோலுக்கு நடுவுல நீளவாக்குல ஒரு மரத்தண்டு ஓடுது பாருங்க, தந்தி எல்லாம் வந்து கட்டியிருக்குற எடம், சத்தம் பொறக்குறதே அங்கதான். உங்களுக்கு முன்னாடி ஒண்ணு ஒண்ணரை அடி தள்ளி, தோலுக்கு கொஞ்சம் மேல இருந்து அந்தத் தண்டோட நடுவ பாத்த மாதிரி மைக்க வைங்க. ரொம்ப கிட்ட போனா இடது கட்டைவிரல் நகம் தந்திய உள்பக்கமா தள்ளுற சத்தம் க்ரிச்சுன்னு விழும், ரொம்ப தள்ளிப் போனா செவுரு பேச ஆரம்பிச்சிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க வீட்டுக்குன்னு ஒரு எடம் இருக்கு, அத ஹெட்போன் மாட்டிக்கிட்டு யாரையாவது மைக்க மெல்ல நகட்டச் சொல்லி காதாலதான் கண்டுபிடிக்கணும். ஒரே மைக் போதும்.

சத்த அளவு எவ்வளவு வைக்கிறதுன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தீங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன். பதிவோட தரத்த 24 பிட்ல வச்சுக்கிட்டா கொறைவா பதிவு பண்ணாலும் பரவால்ல, நீங்க பலமா மீட்டுற எடம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்துல நின்னா போதும். சிவப்பு வெளக்கு ஒரு தடவ எரிஞ்சாலும் அந்த பதிவு போச்சு, அத முழுசா சரி பண்ண முடியாது.

யாங்கூன், கீழ்த்தள பிளாட்ல இருக்குறவர்: காக்கா, ஜெனரேட்டர், பக்கத்து வீட்டு டிவி. என்ன பண்றது?

நம்ம ஊரு பிளாட் எல்லாம் முன்னாடி தெரு, பின்னாடி சந்து, நடுவுல ரயில் பொட்டி கணக்கா நீளமா ஒரே ஹால், எல்லாம் கான்கிரீட். நடு எடத்துல உக்காருங்க, முன்வாசலுக்கும் உங்களுக்கும் நடுவுல துணி அலமாரிய தொறந்து வைங்க, மெத்தைய செவுத்துல சாச்சு வைங்க, கம்பளிய கொடில போட்டு தொங்க விடுங்க. இது வெளியிலருந்து வர்ற சத்தத்த நிறுத்தாது, உள்ள எதிரொலிக்கிறத மட்டும் கொறைக்கும், ஆனா அதுவே பாதி. காக்காவுக்கு மருந்து நேரந்தான், விடியக்காலையும் சாயங்காலமும் வேண்டாம், ராத்திரி எல்லாரும் அடங்குன பெறகு வாசிங்க. ஜெனரேட்டர் ஓடுற நேரம் சுருதி கூட்டுறதுக்கும் பழகுறதுக்கும் வச்சுக்கோங்க.

கரண்ட் போயி இன்வெர்ட்டர்ல ஓட்டுறவங்க கவனிங்க, மலிவான இன்வெர்ட்டர் கரண்ட் சுத்தமா வராது, அதுல லேப்டாப் சார்ஜர சொருகிக்கிட்டு பதிவு பண்ணா பின்னாடி உய்ய்ன்னு ஒரு இரைச்சல் ஒட்டிக்கும். சார்ஜர புடுங்கிட்டு லேப்டாப் பேட்டரில மட்டும் ஓட்டுங்க. பேன், பிரிட்ஜ் ஆப். பிரிட்ஜ ஆப் பண்ணா வீட்டுச் சாவிய எடுத்து பிரிட்ஜுக்குள்ள வச்சிடுங்க, மறுபடி போட மறக்க மாட்டீங்க.

மண்டலே அண்ணன் ஒருத்தர்: நீங்க போடுற பதிவு எல்லாம் வறட்டுன்னு இருக்கு மா, கொஞ்சம் எக்கோ போட்டா கோயில்ல கேக்குற மாதிரி அழகா இருக்குமே, ஏன் போட மாட்டேங்குறீங்க?

அண்ணே, நீங்க கேட்டதுக்கு நன்றி, இத நான் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். சௌங்ல வலது கை தந்திய மீட்டுது, அது எல்லாருக்கும் தெரியும். இடது கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒரு தந்திய மீட்டுன உடனே, அடுத்தது மீட்டுறதுக்கு முன்னாடியோ கூடவேயோ, இடது கை விரல் போயி மொத தந்திய தொட்டு அடக்குது. எந்த சுரம் நீளணும், எது சட்டுன்னு நிக்கணும், எது அடுத்ததோட கலக்கணும்னு முடிவு பண்றது இடது கை. அதே இடது கட்டைவிரல் நகம் உள்பக்கத்துலருந்து தந்திய அழுத்தி சுருதிய ஏத்தவும் செய்யுது. ஸயா மொதல்ல மாசக்கணக்கா திட்டுறது இந்த கைக்காகத்தான். நீங்க எக்கோ போட்டீங்கன்னா அடக்குன சுரம் எல்லாம் திரும்ப எந்திரிச்சு வந்து ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், இடது கை செஞ்ச வேலை மொத்தமும் அழிஞ்சு போகும். நல்லா வாசிக்கிறவரும் சுமாரா வாசிக்கிறவரும் எக்கோவுல ஒரே மாதிரி கேக்கும், அதனாலதான் ஆரம்பத்துல எல்லாருக்கும் அது பிடிக்குது. கடைகள்லயும் ஓட்டல் வாசல்லயும் ஓடுற சௌங் பதிவுகள் பாதி அப்படித்தான் இருக்கு, கேக்குறதுக்கு மயக்கமா இருக்கும், பாட்டு எங்கன்னு தேடணும். அறையோட சொந்த எதிரொலி கொஞ்சம் இருக்கட்டும், அதுக்கு மேல ஒரு சொட்டு கூட வேண்டாம்னுதான் என் கட்சி.

ப்யே ஊர்க்காரர்: டியூனர் ஆப் வச்சு சுருதி கூட்டுறேன், ஊசி சரியா நடுவுல நிக்குது, ஆனா மஹாகீதா பாட்டு (பர்மா செவ்வியல் பாட்டுத் தொகுப்பு) வாசிச்சா ஸயா மூஞ்ச சுளிக்கிறாரு.

சுளிக்கத்தான் செய்வாரு. டியூனர் ஆப் பியானோ கணக்குல இருக்கு, பர்மா சுருதி அது இல்ல. மூணாவது சுரமும் ஏழாவதும் பியானோவ விட கொஞ்சம் கீழ, நாலாவது கொஞ்சம் மேல. எவ்வளவு கீழன்னு எல்லா ஸயாவுக்கும் ஒரே கணக்கு கெடையாது. ஸயாகிட்ட அனுமதி கேட்டு அவர் சௌங்ல ஒவ்வொரு தந்தியா தனித்தனியா மீட்டச் சொல்லி பதிவு பண்ணி வச்சுக்கோங்க, அதுதான் உங்க டியூனர். ஞின்லோன், அவுக்பியன்னு சுருதி கூட்டுற முறை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பைல். கீபோர்டோட சேந்து வாசிக்கிற அன்னைக்கு மட்டும் ஆப்ப பாருங்க, அன்னைக்கு வேற வழியில்ல.

பியாபோன் அக்கா: மழைக்காலம் வந்தா சௌங் ஊமையாகிடுதுப்பா, சுருதியும் நிக்கல.

தோலு ஈரம் குடிக்குது அக்கா. தோல் தளந்தா தந்தியும் தளரும், சுருதி எறங்கும், சத்தமும் மங்கும், வெயில் காலத்துல அப்படியே தலைகீழா தோல் இழுத்து சுருதி ஏறும். அரக்கு நல்லா பூசின தோல் தாங்கும், அரக்கு வெடிச்சிருந்தா அந்த வழியா ஈரம் எறங்கிடும், அத மொதல்ல செஞ்சவர்கிட்ட காட்டி பூசிடுங்க. காயட்டும்னு வெயில்ல வைக்கிறது, ஹேர் டிரையர் அடிக்கிறது வேண்டவே வேண்டாம், தோலு கிழியும் இல்லாட்டி பெட்டி விரியும். காத்து போகாத பைல மருந்து டப்பாவுல வர்ற ஈரம் உறிஞ்சுற பொட்டலத்த நெறைய போட்டு வைங்க.

கழுத்துல சுத்தியிருக்குற சிவப்பு நூல் கயிறும் ஈரத்துல வழுக்கும். முறுக்கி மேல தள்ளி சுருதி கூட்டிட்டு, தந்திய ரெண்டு தடவ பலமா இழுத்து விட்டு திரும்ப கூட்டுங்க, அப்பதான் நிக்கும். அந்தக் காலத்துல பட்டு நூல் தந்தி, இப்ப பெரும்பாலும் நைலான், புது நைலான் கொஞ்ச நாளைக்கு இழுத்துக்கிட்டேதான் இருக்கும், புதுத் தந்தி மாட்டுன கையோட பதிவுக்கு உக்காராதீங்க. கிட்டார் மாதிரி சாவி வச்ச சௌங்கும் இப்ப வருது, சுருதிக்கு அது சுலபம், எனக்கு கயிறுதான் பிடிக்கும்.

வியாசர்பாடிலருந்து ஒரு பர்மாத் தமிழ் தாத்தா: எங்க அப்பா காலத்துல நாங்க அங்கருந்து வந்தவங்க. இது நம்ம யாழ்தானே அம்மா? யாரும் ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க?

தாத்தா, வணக்கம். நேரா நம்மகிட்டருந்துதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சொந்தம்னு சொல்ல நல்ல காரணம் இருக்கு. இந்தியால வளைஞ்ச யாழ் ஒரு காலத்துல எங்கயும் இருந்துச்சு, பார்ஹுத் பௌத்த ஸ்தூபி சிற்பத்துலயும் இருக்கு, சமுத்திரகுப்தர் நாணயத்துல ராஜாவே மடில வச்சு வாசிக்கிறாரு. இங்க பர்மால பியூ ராஜ்யத்துலருந்து 802ல சீன அரண்மனைக்கு போன வாத்தியக்காரங்க கையில வளைஞ்ச யாழ் இருந்துச்சுன்னு சீனக் குறிப்புல இருக்கு. நம்ம பக்கம் சங்கப் பாட்டுல யாழோட உறுப்பு சொல்றப்ப பத்தர், போர்வை, கோடு, திவவுன்னு வருதுல்ல, பத்தர்னா குடைஞ்ச பெட்டி, போர்வைன்னா மேல போத்துன தோல், கோடுன்னா வளைஞ்ச தண்டு, திவவுன்னா தந்திய தண்டுல கட்டுற வார்க்கட்டு. ஒரு சௌங்க மடில வச்சுக்கிட்டு அந்த வரிகள படிச்சா ஒவ்வொண்ணா விரல் வச்சு தொட்டுக் காட்டலாம், எனக்கு அழுகையே வந்துச்சு. விபுலானந்த அடிகள் 1947ல யாழ் நூல் எழுதுனப்ப நம்ம பக்கம் அத வாசிக்கிற கை இல்லாம போயி பல நூறு வருஷம் ஆயிடுச்சு. இங்க கை விட்டுப் போகல. 18ஆம் நூற்றாண்டுல பொறந்த கவிஞர் மியாவடி மின்ஜீ ஊ ஸா தந்திய 13 ஆக்குனாரு, போன நூற்றாண்டுல ஊ பா தான்ங்கிற வாத்தியக்காரர் 16 வரைக்கும் கொண்டு வந்தாரு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உக்காந்து சொல்லிக் குடுத்ததாலதான் பொழச்சிருக்கு.

யாங்கூன், காளியம்மன் கோயில் பஜனைக்கு வர்ற தம்பி: நம்ம பாட்டு வாசிக்க முடியுமா அக்கா?

முடியும், ராகம் பாத்து எடுங்க. அஞ்சு சுர ராகம்னா சௌங்குக்கு அளவு தச்ச மாதிரி, ஒரு ஸ்தாயிக்கு அஞ்சு தந்தி, மூணு ஸ்தாயிக்கு 15, மேல் சட்ஜமம் ஒண்ணு, மொத்தம் 16 சரியா வந்துடும். மோகனத்துல கூட்டிக்கிட்டு ஆரம்பிங்க. சின்ன அசைவு எல்லாம் இடது கட்டைவிரல்ல கொண்டு வரலாம், தோடி மாதிரி முழுக்க கமகத்துல நிக்கிற ராகத்த விட்டுடுங்க, வீணைக்கு உள்ளது வீணைக்கு. தேவாரம் மெதுவா வாசிச்சா ரொம்ப நல்லா பொருந்தும்.

பகோ தம்பி மறுபடியும்: பாட்டுக்காரர் சீயும் வாவும் தட்டுறப்ப சௌங் காணாம போயிடுது.

சீ, அந்த குட்டி ஜால்ரா, பரவால்ல. வா, அந்த மரத்தட்டை, அதுதான் டப்புன்னு மேல குதிக்கும். சத்த அளவ சௌங்க வச்சு வைக்காதீங்க, வாவ வச்சு வைங்க. பாடுறவர் உங்களுக்கு எதுத்தாப்ல, மைக்கோட முதுகுப் பக்கம், நாலஞ்சு அடி தள்ளி உக்காரட்டும். தனித்தனியா பதிவு பண்ணி ஒட்டலாமேன்னு கேப்பீங்க, வேண்டாம், கியோங்கிற செவ்வியல் பாட்டு வகைல பாடுறவர் மூச்சுக்கு சௌங் காத்திருக்கும், அது ஒட்டுப் போட்டா வராது.

டர்பன்லருந்து ஒரு சகோதரி: யாங்கூன் வந்தா ஒண்ணு வாங்கிட்டுப் போகணும். பிளேன்ல கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம், பெருசு பாத்துக்கோங்க, பெட்டி சுமார் 80 சென்டிமீட்டர், கழுத்து அதுக்கு மேல 60 சென்டிமீட்டர் வரைக்கும் நிக்கும், சொல்லி வச்சு மரப்பெட்டி அடிங்க. தோல் விஷயத்துலதான் கவனம். வழக்கமா மான் தோலு, பர்மா தமின் மான் சர்வதேச பாதுகாப்பு பட்டியல்ல இருக்குறதால எல்லைல புடிச்சுக்குவாங்க. ஆர்டர் குடுக்குறப்பவே என்ன தோலுன்னு கேட்டு, மாட்டுத்தோல்ல போடச் சொல்லி எழுத்துல வாங்கிக்கோங்க. தந்திய தளத்தி விட்டு பேக் பண்ணுங்க. கண்ணாடிக் கல்லு பதிச்சு தங்கக் கலர்ல மின்னுற சௌங் நெறைய அலங்காரத்துக்கு செஞ்சது, வாங்குறதுக்கு முன்னாடி யாரையாவது வாசிக்கச் சொல்லி கேளுங்க.

மோல்மீன் தங்கச்சி: கடைசியா ஒண்ணு அக்கா, இரைச்சல் எடுக்குறதுக்கு ஆடாசிட்டி சாப்ட்வேர் போதுமா? யூட்யூப்ல ஏத்துனா மத்தவங்களோடத விட சத்தம் கம்மியா இருக்கு.

போதும். வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் சும்மா உக்காந்து அறைய மட்டும் பதிவு பண்ணுங்க, அத இரைச்சலோட சாம்பிளா குடுத்து ஆறு டெசிபெல் அளவுக்கு மட்டும் எடுங்க, அதுக்கு மேல எடுத்தா தந்தியோட வாலும் சேந்து போயிடும், பகோ தம்பி போன்ல நடந்த அதே கதைதான். எல்யூஎப்எஸ்னா பாட்டோட சராசரி சத்தத்த அளக்குற அளவு, யூட்யூப் அது மைனஸ் 14க்கு மேல இருந்தா கொறைக்கும், கீழ இருந்தா ஏத்தாது, அதனால கம்மியாத்தான் கேக்கும், அதுக்காக அமுக்கி அமுக்கி ஏத்தாதீங்க, கேக்குறவங்க வால்யூம கூட்டிக்குவாங்க. வேவ் பைல மட்டும் அழிக்காம ரெண்டு எடத்துல வைங்க. உங்க ஸயாவுக்கு அனுப்புறப்ப வைபர்ல அனுப்பாம மெமரி கார்டுல போட்டு கையில குடுங்க, இடது கை எப்படி இருக்குன்னு அவர் அதுலதான் கேக்க முடியும்.