பயணக் கேள்வி-பதில்: வீட்டை ஓட்டிக்கொண்டு பீடோங் வரை

கே: நாங்கள் 6 பேர். கெடாவில் பீடோங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கேம்பர்வேன் (படுத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துப் போகிறோம். வழியில் கோலகங்சாரும் தைப்பிங்கும் பார்க்க ஆசை. வண்டி எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

ப: முதலில் பெல்ட்டை எண்ணுங்கள். ‘6 பேர் படுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யும் வண்டியில் பெல்ட் உள்ள இருக்கை 4 மட்டுமே இருக்கலாம். ஓடும் வண்டியில் பிள்ளைகளைக் கட்டிலில் உட்கார வைக்கவே கூடாது. ஒரு அவசர பிரேக் போதும், முன்கண்ணாடி வரை எறியப்படுவார்கள். இருக்கை பற்றாவிட்டால் 2 பேர் காரில் பின்னால் வரட்டும்.

வெற்று எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் சாதாரண டி உரிமம் போதும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் டோலில் அது 2-ஆம் வகுப்பு, காரைவிடக் கட்டணம் கூடும். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் அதற்கேற்பப் பணம் போட்டுவையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேம்பர்வேன் பல நாள் வெயிலில் சும்மா நிற்கும் வண்டி. டயர்ப் பூ தேயாமலே ரப்பர் வெடிப்பு விட்டுப்போகும். 6 வயது தாண்டிய டயரோடு கொடுத்தால் வேறு வண்டி கேளுங்கள், தயங்காதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் இன்னும் ஒன்றரை ஆளை ஏற்றிய மாதிரி. கோலகங்சாருக்கும் சங்காட் ஜெரிங்கிற்கும் நடுவே புக்கிட் பெராப்பிட் ஏற்ற இறக்கம் வருகிறது. கால் தொட்டி மட்டும் நிரப்பிக்கொண்டு போய், மீதியை அக்கா வீட்டுக் குழாயில் பிடியுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை அடக்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

கூரை ஏசியோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். 3 மீட்டர் வண்டி, கார் நிறுத்துமிடங்களின் குறுக்குக் கம்பிக்குள் நுழையாது. தோட்டத்துச் செம்மண் பாதையில் தாழ்ந்து தொங்கும் செம்பனை மட்டை கூரை மூடியைப் பிளந்துவிடும். ஆகவே ஒருவர் இறங்கி முன்னால் நடக்கட்டும். கேட்டில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அக்காவை முன்பே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி 1877-இல் நட்ட பால்மரம் (ரப்பர் மரம்) இன்னும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தே ஆக வேண்டும். தைப்பிங்கில் நேரம் குறைவென்றால் 1883-இல் தொடங்கிய பேரா அரும்பொருளகம் ஒன்று போதும்.

கே: பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி (பழங்காலக் கோயில்) எங்கே இருக்கிறது? சூடம் ஏற்றிக் கும்பிடலாமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

ப: பீடோங்கிலிருந்து செமெலிங் வழியாக மெர்போக் போங்கள். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளக வளாகத்திலேயே, ஓடையை ஒட்டிய மேட்டில் புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 1930-களில் அகழ்ந்தெடுத்து, பிறகு மீண்டும் அடுக்கிக் கட்டியது. வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்த சண்டிகளும் அங்கே உண்டு. மழை நின்ற கையோடு போனால் கல் வழுக்கும். காலையில் போங்கள், ரப்பர் அடி செருப்பு போடுங்கள். பெரிய வண்டியை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் காரில் போவதே சுகம்.

கையெடுத்துக் கும்பிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். சூடப் புகையும் எண்ணெயும் கல்லின் நுண்துளைக்குள் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. குங்குமக் கறையும் அப்படித்தான். 2013-இல் இந்தப் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையில் இடிபட்டுப் போனது. மிஞ்சியதன் மேல் ஏறி நின்று படம் எடுப்பதையும் தயவுசெய்து விடுங்கள்.

கே: தங்கச்சி குடும்பம் கேம்பர்வேனில் வருகிறது. எங்கள் லயத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து ஏசி போடலாமா? கழிவறைப் பெட்டியை எங்கே கொட்டுவது?
– வாசகர், பீடோங்

ப: போடலாம். 13 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 3,000 வாட்தான் எடுக்கலாம். ஏசிக்கு 900, கெட்டிலுக்கு 2,000 என்று கூட்டினால் சரியாக வருவதுபோல் தெரியும். ஆனால் ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், பழைய லயத்து வயரிங் அதைத் தாங்காது. ஏசி ஓடும்போது கெட்டில் வேண்டாம். சுருள் வயரை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே விட்டால் சூடு உள்ளேயே தங்கி உறை உருகிவிடும். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே நிறுத்துங்கள். வீட்டு ஈஎல்சிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கழிவுப் பெட்டி ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். வீட்டுக் கழிப்பறையில் மெதுவாக ஊற்றி, 2 வாளித் தண்ணீர் விடுங்கள். வாய்க்காலில் கொட்டக் கூடாது. கழிவுப் பெட்டியில் நாற்றம் அடக்க ஊற்றும் மருந்தில் ஃபார்மால்டிஹைட் கலந்திருந்தால், அது மலத்தொட்டியில் கழிவை மக்கவைக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். தங்கச்சி வண்டி எடுக்கும் கடையிலேயே ஃபார்மால்டிஹைட் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.