பூமி உருண்டை என்றால் அடிப்பக்கம் இருப்பவர்கள் ஏன் விழுவதில்லை? அவர்களுக்கு 'மேலே' எந்தப் பக்கம்?

சின்ன வயதில் என்னையும் ரொம்ப நாள் படுத்திய கேள்வி இது. குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பின்னாளில்தான் புரிந்தது. மேசைமேல் வைக்கும் பூகோள உருண்டைதான் காரணம். அதன் அடியில் ஒரு பாசிமணியை வைத்து விரலை எடுத்தால் மணி தரையில் விழும். அதை இழுப்பது அறைக்கு அடியில் இருக்கும் நிஜப் பூமி. இதையே பார்த்துப் பழகிவிட்டதால், நிஜப் பூமிக்கும் அடியில் இன்னொரு பெரிய பூமி இருந்து எல்லாரையும் இழுப்பதாக நம்மையறியாமல் நினைத்துக்கொள்கிறோம். அப்படி எதுவும் கிடையாது. இழுப்பது இந்த ஒரு பூமிதான், அதுவும் தன் நடுவை நோக்கி.

சரி, ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிக்கும் தூக்குக்குண்டு இதேதான். ஆடி அடங்கியதும் நூல் விறைப்பாக ஒரு கோட்டில் நிற்கும். நட்டு இருக்கும் பக்கம் கீழே, விரல் இருக்கும் பக்கம் மேலே. 'மேலே' என்ற சொல்லுக்கு இதற்குமேல் பொருள் இல்லை. அதே நூலோடு வடக்கே 111 கிலோமீட்டர் போனால், அது முதல் கோட்டிலிருந்து சுமார் 1 பாகை சாய்ந்திருக்கும். 10,000 கிலோமீட்டர் போனால் செங்கோணம். உலகின் மறுபக்கத்தில் நேர் எதிர். ஆனால் எங்கே பிடித்தாலும் நட்டு தரைப்பக்கம்தான், விரல் வானத்துப் பக்கம்தான். அங்கே நிற்பவருக்குத் தலைகீழாக இருக்கும் உணர்வு வர வழியே இல்லை. கடம்பப் பூவின் உருண்டையைச் சுற்றிப் பூக்கள் நிற்பதுபோலப் பூமியைச் சுற்றி எல்லா உயிர்களும் நிற்கின்றன என்று 5-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆரியபட்டர் எழுதியிருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்த சான்று ஒரு பாலம். இங்கிலாந்தில் 1981-இல் திறந்த ஹம்பர் தொங்குபாலத்தின் இரண்டு கோபுரங்களும் நேர் செங்குத்தானவை. இடைவெளி 1,410 மீட்டர். ஆனாலும் அடியில் இருப்பதைவிட உச்சியில் அவற்றின் இடைவெளி 36 மில்லிமீட்டர் அதிகம். ஒவ்வொரு கோபுரமும் தன் இடத்து 'மேலே'யைப் பார்த்து நிற்கிறது.

செடிகளுக்கும் இழுப்புதான் கணக்கு. 1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர், முளைக்கும் விதைகளை வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் கட்டிவைத்தார். வேர்கள் சக்கரத்துக்கு வெளிப்பக்கமாகவும் தண்டுகள் அச்சை நோக்கியும் வளர்ந்தன. சுழற்சி எந்தப் பக்கம் தள்ளியதோ அதுவே அவற்றுக்குக் 'கீழே' ஆகிவிட்டது.

அப்புறம், விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு இங்கிருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் நிலையமும் அதற்குள் இருப்பவை எல்லாமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் நம் நூல் அங்கே விறைக்காது. தீ ஏற்றினால் சுடர் கூம்பாக எழாது. சூடான காற்று ஏறிப்போக ஒரு பக்கம் இல்லாததால், சின்ன உருண்டையாக நின்று எரியும்.