நார்மண்டி வரப்பில் ஒரு ஷெர்மன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1:35 அளவில் (அதாவது உண்மையானதில் 35-இல் ஒரு பங்கு) அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை ஒட்டி, வண்ணமும் பூசி முடித்துவிட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 கோடையில் பிரான்ஸின் நார்மண்டி இருந்த நிலக்காட்சியில் அதை நிறுத்த ஆசை. பச்சைத் தூள் தூவிய அட்டை மேல் வைத்துப் பார்த்தால், மேசை மேல் வைத்த பொம்மையாகவே தெரிகிறது. குறை எங்கே இருக்கிறது? – வாசகர், ஈரோடு

பதில்: டாங்கியின் எடை நிலத்தில் தெரியவில்லை என்பதே குறை. உண்மையான ஷெர்மன் ஏறத்தாழ 30 டன் எடை உள்ளது. அது நின்ற ஈர மண் அமுங்கியிருக்கும், சங்கிலிப்பட்டையின் ஓரத்தில் மண் பிதுங்கியிருக்கும், வந்த வழியெங்கும் பட்டையின் அச்சு விழுந்திருக்கும். ஆகவே நிலத்தை முழுதாக முடித்துவிட்டு வண்டியைக் கடைசியில் தூக்கி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். வால் பட்டியில் (சுவரில் பூசும் wall putty) சிறிது ஃபெவிகால் கலந்து பரப்பி, அது பாதி இறுகியதும், அடியில் மெல்லிய பாலிதீன் தாள் சுற்றிய டாங்கியை நிற்கவேண்டிய இடத்தில் அழுத்தி எடுங்கள். பின்னால் வரும் தடத்துக்கு, கிட்டில் மீந்த பட்டைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து அடுத்தடுத்துப் பதித்துக்கொண்டே போகலாம்.

மண்ணுக்கும் அளவு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1:35 கணக்கில் ஒரு மில்லிமீட்டர் மணல், மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லிக்குச் சமம். ஆற்று மணலைத் தூவினால் வயல் கல்குவாரியாகிவிடும். தோட்டத்து மண்ணை நன்கு காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்த புழுதியே போதும். ஆனால் நம் செம்மண்ணை நிறம் மாற்றாமல் தூவினால் நார்மண்டி கொங்கு நாடாகிவிடும் என்பதால், ஒட்டிக் காய்ந்தபின் அடர்பழுப்பு அக்ரிலிக் பூசி, மேடுகளில் மட்டும் வெளிர்பழுப்பைக் காய்ந்த தூரிகையால் தொட்டுவிடுங்கள். அதே பழுப்புகளைத்தான் டாங்கியின் சக்கரங்களிலும் பட்டைகளிலும் பூசவேண்டும். விலையுயர்ந்த வெளிநாட்டு மண்தூள் புட்டிகளை வாங்கியும், வண்டிக்கு ஒரு நிறம், நிலத்துக்கு வேறொரு நிறம் என்று அமைப்பவர்களே அதிகம்.

இனி நார்மண்டி. அங்கே சிறு வயல்களைச் சுற்றி, ஒரு மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த மண் வரப்புகளும், வரப்பின் மேல் வேர் பின்னிய அடர்ந்த புதர்வேலியும் இருந்தன. போகாஜ் எனப்படும் இந்த வேலிகளில் ஏறிய டாங்கி, கவசம் மெல்லிய தன் அடிவயிற்றை எதிரிக்குக் காட்டவேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக, வரப்பின் மேல் ஏறாமல் அதைக் குத்தி உடைத்துக்கொண்டு போவதற்காக, ஜெர்மானியர் கடற்கரையில் நட்டிருந்த எஃகுத் தடைகளை அமெரிக்கப் படையினர் வெட்டி, டாங்கியின் முகப்பில் பற்களாகப் பொருத்தினார்கள். அமெரிக்கப் படையின் சார்ஜென்ட் கர்ட்டிஸ் கியூலின் பெயர் இதனுடன் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஜூலை 25 அன்று தொடங்கிய கோப்ரா நடவடிக்கை என்ற அமெரிக்கப் பெருந்தாக்குதல் வரை இதை எதிரி அறியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். உங்கள் டாங்கியில் அந்தப் பற்கள் இருந்தால் காட்சி ஜூலைக் கடைசிக்கோ அதற்குப் பின்னோ உரியது. ஜூன் மாதக் காட்சி என்றால் பற்களை ஒட்டாதீர்கள். இரண்டிலும் இலைகள் பச்சையாகவே இருக்கவேண்டும்; உதிர்ந்த சருகைத் தூவுவது பருவத்தையே மாற்றிவிடும்.

வரப்பைத் தெர்மாகோலில் மூன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குச் செதுக்குங்கள். அது உண்மையில் சுமார் 1.2 மீட்டர். டாங்கியின் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் வரும் என்பதால் 25க்கு 20 சென்டிமீட்டர் பிளைவுட் பலகை போதும். பெரிய பலகை வெற்றிடத்தைத்தான் கூட்டும். பலகையின் விளிம்புக்கு இணையாக நிறுத்தாமல் சற்றே சாய்த்து, மூக்கு வரப்பைத் தொடும்படி வையுங்கள்.

கேள்வி: புதரும் புல்லும் செய்ய வீட்டில் கிடைக்கும் பொருள்கள் உதவுமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நன்றாகவே உதவும். காய்ந்த துளசிக் கதிர் சிறந்த புதர். பிடுங்கிய செடிகளின் வேர், வரப்பிலிருந்து வெளியே துருத்தும் வேலி வேர்களுக்கு அச்சு அசலாகப் பொருந்தும். பீட்சாவுடன் வரும் ஆரிகனோவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்ச் சிதறல்களைப் பொறுக்கி எடுத்தால், இந்த அளவில் அவை ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் இலைகள். தென்னை நாரைப் பொடியாக நறுக்கிச் சிறு கற்றைகளாக நட்டால் உயர்ந்த புல் ஆகும். இவை நாளடைவில் வெளுத்துப்போகும் என்பதால் இயற்கை நிறத்தை நம்பாமல் எல்லாவற்றுக்கும் பச்சை அக்ரிலிக் பூசுங்கள். இரண்டு மூன்று பச்சைகளைக் கலந்து பூசுவது நல்லது. ஒரே பச்சை பிளாஸ்டிக் போலத் தெரியும். நீர்த்த ஃபெவிகாலில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு சேர்த்துத் தெளித்தால், அது முத்து முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கிப் பிடிக்கும்.

கேள்வி: ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும் தெர்மாகோல் குழிகுழியாகிவிட்டதே? – வாசகர், மதுரை

பதில்: பெயிண்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். முதலில் வால் பட்டியாலோ ஃபெவிகாலாலோ ஓர் இடம் விடாமல் மூடி, நன்றாகக் காய்ந்தபின் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பூசுங்கள். பட்டியை ஒரே தடவையில் கனமாக அப்பினால் வெடிக்கும். மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று போடுங்கள்.