வாசகர் கேள்வி: கோட்டில் விழுந்த பந்து

எங்கள் பாடசாலையில் இந்த வருடம்தான் பேஸ்போல் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் அடித்த ஒரு பந்து மூன்றாம் பேஸ் (ஓடுகிறவர் தொட வேண்டிய மூன்றாவது இடம்) பக்கத்துக் கோட்டின் மேல் விழுந்து வெளியே ஓடிவிட்டது. நான் ஃபெயார், அதாவது உள்ளே விழுந்த பந்து, என்றேன். கிரிக்கெட் விளையாடிப் பழகியவர்கள் “கோட்டில் பட்டால் வெளியேதானே சேர்” என்று ஒரே சத்தம். யார் சொன்னது சரி?
– ஓர் ஆசிரியர், தலவாக்கலை

கோட்டைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி. பிள்ளைகள் மேலும் தப்பில்லை, கிரிக்கெட்டில் துடுப்பு கோட்டின் மேல் இருந்தால் ரன் அவுட், பந்து எல்லைக்கயிற்றில் பட்டால் நான்கு ஓட்டம், அதையே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோடு என்றாலே வெளியே என்றுதான் தோன்றும். பேஸ்போலில் கோடு உள்ளே சேர்ந்தது. அடிப்பவர் நிற்குமிடத்து ஹோம் பிளேட், முதலாம், மூன்றாம் பேஸ், கோட்டின் கடைசியில் நிற்கும் கம்பம், எல்லாமே உள்ளேதான். 1975 உலகத் தொடரின் (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் பொஸ்டன் அணியின் கார்ல்டன் ஃபிஸ்க் 12ஆவது இன்னிங்ஸில் அடித்த பந்து இடதுபக்கக் கம்பத்தில் பட்டது, ஹோம் ரன் (கிரிக்கெட்டின் ஆறு ஓட்ட அடி மாதிரி), ஆட்டமும் அத்தோடு முடிந்தது.

ஆனால் பந்து விழுந்தது பேஸுக்கு முன்னாலா, தாண்டியா என்று நீங்கள் எழுதவில்லையே சேர்! தாண்டிப் போய்க் கோட்டில் விழுந்தால் அந்த நொடியே ஃபெயார், பிறகு எங்கே ஓடினாலும் கவலையில்லை. பேஸுக்கு முன்னால் விழுந்து, யார் கையிலும் படாமல், பேஸை எட்டுவதற்குள் வெளியே போயிருந்தால் அது ஃபவுல், அதாவது வெளியே போன பந்து. விழுந்த இடம் அங்கே கணக்கில்லை. நிலத்தில் குதித்துக்கொண்டே போகும் பந்து என்றால் பேஸைக் கடக்கும்போது அதற்கு மேலாகவோ உள்பக்கமாகவோ போனதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் தோட்டத்து கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு. மெதுவாகத் தட்டிவிட்ட பந்து கோட்டோரமாக உருண்டுகொண்டே இருக்கும். நடுவர் எப்போது முடிவு சொல்ல வேண்டும்?
– பத்தாம் தர மாணவி, பொகவந்தலாவை

நல்ல கேள்வி மகள், இதில்தான் புதிய நடுவர்கள் அதிகம் அவசரப்படுகிறார்கள். பந்து நிற்க வேண்டும், அல்லது யாராவது தொட வேண்டும், அல்லது பேஸைக் கடக்க வேண்டும். அதுவரை வாய் திறக்கக் கூடாது. பந்து கோட்டைத் தாண்டி நான்கு விரல் வெளியே போய், ஒரு சின்னக் கல்லில் தட்டி மறுபடி உள்ளே வந்து நின்றால் ஃபெயார்தான். மூன்றாம் பேஸ்காரர் குனிந்தபடி கூடவே நடந்து வருவார், வெளியே போகட்டும் என்று காத்திருப்பார், போனதும் சட்டென்று எடுத்துவிடுவார். அவர் தொட்ட நேரத்தில் பந்து கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததா என்பதை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளேட் நடுவர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் கண் ஏமாற்றும்.

1981இல் சியாட்டில் அணியின் லென்னி ரண்டல் இப்படி உருண்டு வந்த ஒரு பந்தைத் தரையில் படுத்து வாயால் ஊதி வெளியே தள்ளப் பார்த்தார்! நடுவர் கடைசியில் அதை ஃபெயார் என்றே தீர்த்தார்.

ஃபெயாருக்குக் குரலே கிடையாது, உள்பக்கம் கையை நீட்டினால் போதும். ஃபவுல் என்றால் இரண்டு கையையும் தூக்கிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் ஓடுகிறவர்கள் நின்றுவிடுவார்கள், எறிகிறவர்கள் விட்டுவிடுவார்கள், அதன்பிறகு பந்து உள்ளே வந்துவிட்டது என்று சொல்லி யாரைச் சமாதானப்படுத்துவது? அதனால்தான் பொறுமையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பிடிக்கப் போனவரின் கால் கோட்டுக்கு வெளியே, கை உள்ளே. பந்து கையுறையில் பட்டு வெளியே விழுந்தது. இது என்ன?
– ஒரு வாசகர், பண்டாரவளை

ஃபெயார். காலைப் பார்க்கவே வேண்டாம், தொட்ட நொடியில் பந்து கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். 2009 பிளேஓஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்று) ஆட்டமொன்றில் மினசோட்டாவின் ஜோ மவர் அடித்த பந்து நியூயோர்க் வீரரின் கையுறையில் பட்டு உள்ளேயே விழுந்தும், கோட்டருகே நின்ற நடுவர் ஃபவுல் என்றுவிட்டார். அப்போது ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டுமே வீடியோ பார்த்தார்கள், 2014இலிருந்துதான் இப்படியான பந்துகளையும் பார்க்கிறார்கள். நமது மைதானங்களில் கமரா இல்லை, பெரும்பாலும் இரண்டே நடுவர்கள்தான். ஓடுகிறவர் யாரும் பேஸில் இல்லாதபோது முதலாம் பேஸைத் தாண்டிய கோட்டை பேஸ் நடுவர் பார்ப்பார், மற்றதெல்லாம் பிளேட் நடுவர் பொறுப்பு. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.