பேடன்ட் கேள்வி–பதில்: கம்பெனியோடு மோதுவதற்கு முன்

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): காலால் மிதித்துத் தேங்காய் உரிக்கும் கருவிக்கு என் பெயரில் பேடன்ட் இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்று அதே மாதிரி விற்கிறது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் எடைக்கல் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் விடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் அவர்களுடைய கருவி ஒன்றை பில்லோடு வாங்குங்கள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் படம் எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் பேடன்ட் ஆவணத்தின் கடைசியில் இருக்கும் க்ளெய்ம் பகுதியை, அதாவது எதெல்லாம் உங்கள் உரிமை என்று சொல்லும் பகுதியை, எடுங்கள். முதல் க்ளெய்மைப் பாகம் பாகமாகப் பிரித்து ஒரு தாளின் இடப்பக்கம் எழுதுங்கள்: மிதிகட்டை, இரண்டு தாடைகள், அவற்றைச் சேர்க்கும் ஆணி, மிதிகட்டையைத் திரும்ப இழுக்கும் சுருள் ஸ்பிரிங். ஒவ்வொன்றும் அவர்களுடைய கருவியில் எங்கே இருக்கிறது என்று வலப்பக்கம் படத்தோடு காட்டுங்கள். ஒரு வரி காலியாக நின்றாலும் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

விளக்கத்திலும் வரைபடத்திலும் என்ன எழுதியிருந்தாலும் கோர்ட் அளந்து பார்ப்பது க்ளெய்மின் வாசகத்தைத்தான். ‘மிதிகட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் அமைப்பு’ என்று எழுதியிருந்தால் எடைக்கல்லும் அதற்குள் வர வாய்ப்பு அதிகம். ‘சுருள் ஸ்பிரிங்’ என்றே எழுதியிருந்தால், எடைக்கல்லும் அதே வேலையை அதே விதத்தில் செய்து அதே பலனைத் தருகிறது என்று வாதாட வேண்டும். அது கடினமான பாதை.

முதல் கடிதத்தில் ‘வழக்குப் போடுவேன்’ என்று எழுத வேண்டாம். மீறல் இல்லை என்று ஆகிவிட்டால், ஆதாரமில்லாமல் மிரட்டியதாகச் சொல்லி பேடன்ட் சட்டத்தின் 106ஆம் பிரிவில் அவர்களே உங்கள் மீது நஷ்டஈடு கேட்கலாம். இன்ன எண்ணில் பேடன்ட் இருக்கிறது என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. வருடாந்திரக் கட்டணம் பாக்கி இல்லையே என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வழக்குப் போட்டால் பேடன்டே பறிபோகும் என்கிறார்களே?

பதில்: போகலாம். கம்பெனி எடுக்கும் முதல் ஆயுதமே அதுதான். மாவட்ட கோர்ட்டில் நீங்கள் போட்ட வழக்கில் அவர்கள் ரத்து கேட்டு எதிர்மனு போட்டால், வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். மதுரைக்காரர் ஒருவர் வாங்கிய இரட்டை சிம் பேடன்ட் (எண் 214388) நினைவிருக்கலாம். அதைக் காட்டிச் சுங்கத்துறை மூலம் செல்போன் இறக்குமதியையே தடுத்தார். 2012ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தப் பேடன்டை ரத்து செய்தது. 2018லிருந்து பேடன்டுக்காகச் சுங்கத்தில் சரக்கை நிறுத்தும் வழியும் இல்லை. உங்கள் கருவி ஏற்கெனவே யாராவது செய்ததுதானா என்று எதிர்த்தரப்பு தேடுவதற்கு முன் பழைய பேடன்டுகளையும் கேட்டலாக்குகளையும் நீங்களே சல்லடை போட்டுத் தேடிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் கார் வைப்பர் வழக்கில் தனி மனிதர் ஜெயித்தாரே, எப்படி?

பதில்: டெட்ராய்ட்டில் பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் கியர்ன்ஸ். விட்டுவிட்டு வீசும் வைப்பருக்கான அவருடைய மின்சுற்று எளிமையானது, அழகானது. மின்தடை வழியாக, மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் ஒன்று மெல்ல நிரம்பும். மின்னழுத்தம் ஓர் அளவைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் திறக்கும், வைப்பர் ஒரு முறை வீசும். கெப்பாசிட்டர் காலியாகி மறுபடி நிரம்பும். மின்தடையை மாற்றினால் இடைவெளி மாறும். 1963ல் ஃபோர்டு கம்பெனியிடம் காட்டினார். 1964 டிசம்பரில் விண்ணப்பித்தார், 1967ல் பேடன்ட் கிடைத்தது. 1969ல் ஃபோர்டு இத்தகைய வைப்பரோடு கார் விற்க ஆரம்பித்தது. அவர் வழக்குப் போட்டது 1978ல்.

‘எல்லாம் கடையில் கிடைக்கும் பாகங்கள், இதில் புதுமை என்ன?’ என்றது ஃபோர்டு. அவற்றைச் சேர்த்த விதம்தான் கண்டுபிடிப்பு என்று நின்றார் கியர்ன்ஸ். 1990ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஃபோர்டு வேண்டுமென்றே மீறவில்லை என்றும் சொல்லிவிட்டது. கடைசியில் ஃபோர்டு 1.02 கோடி டாலர் கொடுத்தது. 1992ல் கிரைஸ்லரும் தோற்றது. அவர் விரும்பியது வைப்பரைத் தானே தயாரிக்க. அதற்குள் பேடன்டுகள் காலாவதியாகிவிட்டன. வக்கீல்களை விட்டுவிட்டுத் தானே வாதாடியவர், மற்ற கம்பெனிகள் மீதான வழக்குகளில் ஆவணம் தாக்கல் செய்யும் கெடுவைத் தவறவிட்டார். அவை தள்ளுபடியாயின. அத்தனை வருட உழைப்பு ஒரு தேதியில் போனது மனதை அறுக்கிறது. நம் நாட்டிலும் நஷ்டஈடு கேட்கக் கெடு உண்டு: மூன்று வருடம். அதற்கு முந்தைய விற்பனைக்குப் பணம் கேட்க முடியாது.

கேள்வி: கம்பெனி என் கருவியின் வரைபடம் கேட்கிறது. இன்னும் பேடன்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல்கட்ட ஆவணத்தோடு, முதலில் விண்ணப்பியுங்கள். தனிநபர் ஆன்லைனில் போட்டால் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதற்குப் பிறகும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டே வரைபடத்தைக் காட்டுங்கள்.